பூட்டு இல்லாத கத்தி

"இதுல எது ஒடையாது? சொல்லு" என்றான் தமிழ்வேந்தன்.

தம்பியின் தலையணை உறையை அவன் தலைகீழாக உதறியதில் இரண்டு மடக்குக் கத்திகள் அரிசி மூட்டையின் மேல் விழுந்திருந்தன. ஒன்றுக்குக் கறுப்புப் பிடி, மற்றொன்றுக்கு மரப்பிடி. உள்ளே வந்ததுமே அவன் அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டிருந்தான். வெளியே பந்தலில், கள்ளக்குறிச்சிப் பிணவறையிலிருந்து காலையில் கொண்டுவந்த தம்பி வெற்றிவேலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். அம்மா பச்சையம்மாளின் குரல் கம்மிப்போய், ஒப்பாரி வெறும் மூச்சாக வந்துகொண்டிருந்தது.

"எதுக்குண்ணா?" என்றாள் தனுஷா. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"எதுக்கா? அந்த இளமாறன போலீசு உள்ள வச்சி பூட்டிடுச்சி. ஸ்டேஷன்ல போயா குத்த முடியும்? அவங்கப்பன் அம்மாசி வருவான் இல்ல மாலைய தூக்கிகினு. வரட்டும். புள்ள செத்தா எப்பிடி இருக்கும்னு நம்ம அம்மாவுக்குத் தெரிஞ்சிபோச்சி. அப்பன் செத்தா எப்பிடி இருக்கும்னு அவனுக்குத் தெரியட்டும்."

அண்ணன் குடித்திருந்தான். ஆனால் பேச்சு குழறவில்லை. ஓசூரிலிருந்து லாரியை ராத்திரியெல்லாம் ஓட்டி வந்த கண்கள் ரத்தக் கட்டிகளாக இருந்தன.

தனுஷா கத்திகளைப் பார்த்தாள். தம்பிக்கு அவற்றை விற்றவளே அவள்தான். தியாகதுருகத்தில் அவளும் அவள் கணவன் தீனதயாளனும் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார்கள். சொட்டுநீர்க் குழாய் மாட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி வெற்றிவேல், சாமான் வாங்குகிற சாக்கில் வந்து கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவான். எந்நேரமும் எஃகு பேச்சுதான். ஸ்டெயின்லெஸ் துரு பிடிக்காது, ஆனால் சீக்கிரம் மழுங்கிவிடும். கார்பன் எஃகு ஈரம் பட்டால் துருவேறும், எண்ணெய் போட்டு வைக்க வேண்டும். ஆனால் முறுக்கித் திருப்பினாலும் தாங்கும். டி-டூ என்று ஒன்று இருக்கிறது, கூர் மாதக் கணக்கில் நிற்கும், ஆனால் கெட்டியானதன் மேல் பட்டால் விளிம்பு சில்லு சில்லாகப் பேந்துவிடும். இடது முன்கை முடியைச் சிரைத்துச் சிரைத்துக் கூர் பார்த்ததில் அவனுக்கு அந்தக் கையில் முடியே கிடையாது. "மூங்கில் மாதிரி வளையணுங்க்கா. கண்ணாடி மாதிரி இருந்தா இன்னாத்துக்கு ஆவும்?" என்பான்.

அந்தப் பேச்சுதான் அவனைக் கொன்றது. ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்கள் ஐந்தாறு பேர் கல்வராயன் மலைக்குப் போய், வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் ஆடு அடித்திருக்கிறார்கள். எதிர்வீட்டு இளமாறன் தன் டி-டூ கத்தியை எடுத்து, உலகத்திலேயே இதற்கு மிஞ்சினது இல்லை என்று சொல்லியிருக்கிறான். வெற்றிவேல் தான் லாரி வில்பட்டையைக் கொல்லனிடம் கொடுத்து அடித்து வாங்கிய கத்தியை எடுத்திருக்கிறான். இரண்டையும் ஆட்டுத் தொடை எலும்பின் மேல் வைத்துக் கட்டையால் அடித்துப் பார்த்தார்கள். டி-டூவின் விளிம்பில் அரை நிலா அளவுக்குச் சில்லு பேந்தது. ஒருவன் செல்போனில் வீடியோப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். வெற்றிவேல்தான் அதிகமாகச் சிரித்தான். "காசு குடுத்து கண்ணாடி வாங்கிகினு வந்துருக்கான்டா" என்றான். படத்தில் அதுவரைக்கும் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு மரங்களும் வானமும் யாரோ போடுகிற கூச்சலும்தான். சில்லு பேந்த கத்தி தொப்புளுக்கு மேலே மூன்று தரம் இறங்கியிருந்தது. மலையை விட்டுக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

"சொல்றியா, இல்ல எரவாணத்துல கீற அருவாளை எடுத்துக்கினு போவட்டா?" என்றான் தமிழ்வேந்தன். "அது பெருசு. பந்தல்லயே எவனாவது பாத்து புடிச்சிக்குவான். அதான் இதக் கேக்கறேன்."

"வேணாண்ணா. அம்மாவ நெனைச்சிப் பாரு. ஒருத்தன் பொட்டியில கீறான். நீயும் உள்ள போயிட்டா?"

"அம்மாதான் கேட்டுச்சி. பொணத்துகிட்ட வச்சி கேட்டுச்சி. 'நீ ஆம்பளயா'ன்னு."

அம்மா அப்படிக் கேட்டது தனுஷாவின் காதிலும் விழுந்திருந்தது. இவனைத் தடுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தினால் ஓடிவருகிறவர்கள் சொந்தக்காரர்கள். அவர்களில் பாதிப்பேர் இவனுக்கு அரிவாளை எடுத்துக் கொடுப்பார்கள். தெருமுனையில் இரண்டு போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சொன்னால் தம்பியைப் புதைப்பதற்கு முன்பே அண்ணனுக்கு விலங்கு. அரிவாள் கைக்கு வந்தால் அம்மாசியின் கழுத்து ஒரே வீச்சு. இந்தக் கறுப்புப் பிடியைக் கொடுத்தாலும் அதுதான். கார்பன் எஃகு. திறந்தால் அலகு பூட்டிக்கொள்ளும். பிடிவரைக்கும் இறங்கினாலும் அசையாது.

மரப்பிடி அப்படி இல்லை. அதற்குப் பூட்டே கிடையாது. வில்தகடு அழுத்தி நிறுத்துகிற வெறும் ஒரு சொடக்கு. பழம் நறுக்கலாம், சணல் அறுக்கலாம். முனையை வைத்து எதையாவது குத்தினால் அலகு மடங்கிப் பிடித்திருக்கும் விரல்களின் மேலேயே இறங்கும். கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் அவள் அந்தக் கத்தியை விற்றதே இல்லை.

அவள் கை நீண்டு மரப்பிடியை எடுத்தது.

"கறுப்பு வேணாம். கார்பன். உள்ள துருவேறிக் கெடக்கு. எலும்புல பட்டா மொனை ஒடிஞ்சிடும்" என்றாள். தன் குரல் கடையில் பேசுகிற குரலாகவே வந்ததைக் கேட்டு அவளுக்கே உடம்பு கூசியது. "இது ஸ்டெயின்லெஸ்ஸு. இதான் ஒடையாது."

தமிழ்வேந்தன் அதை விரித்தான். சொடக்கென்று நின்றது. திருப்தியாகத் தலையாட்டி, மடக்கி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். கறுப்புப் பிடியைத் தனுஷா ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. மேளக்காரர்கள் ஓய்ந்து பீடி பற்றவைத்திருந்த நேரம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அம்மாசி தனியாகத்தான் வந்தார். நேற்றிலிருந்து அந்தக் கதவின் மேல் கல் விழுந்துகொண்டே இருந்தது. நெற்றியில் ஒன்று பட்டிருந்த இடத்தில் காபித்தூளை அப்பியிருந்தார். கையில் ரோஜாமாலை. தெருவைக் கடந்து பந்தலுக்குள் வரும்வரை ஒருவரும் அவரை மறிக்கவில்லை. பச்சையம்மாள் மட்டும் மண்ணை வாரி அவர் மேல் எறிந்தாள். அது அவர் சட்டையில் பட்டு உதிர்ந்தது.

"மாலைய போட்டுட்டு போயிடறேம்மா" என்றார். "இவனும் என் வூட்டுல துன்னு வளந்தவந்தான்."

தனுஷா அண்ணனைப் பார்த்தாள். பந்தல் காலில் சாய்ந்திருந்த அவன் நிமிர்ந்தான். நிறுத்திவிடலாம், இப்போதுகூட நிறுத்திவிடலாம் என்று அவள் எழுவதற்குள் அவன் பெட்டியைச் சுற்றி ஓடிவிட்டிருந்தான்.

"சிரிச்சதுக்கா உம்புள்ள குத்தினான், தேவடியாப்பையா?"

கை மேலே போய் இறங்கியது. அம்மாசி ஒதுங்கக்கூட இல்லை. கத்தி அவருடைய தோள்பட்டை எலும்பில் இடித்தது. சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். அலறினது அம்மாசி அல்ல. தமிழ்வேந்தன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு மடங்கினான். மடங்கிய அலகு மூன்று விரல்களுக்குள் எலும்பு வரைக்கும் போயிருந்தது. கத்தியை உதறினான், அது விரல்களை விடவில்லை. மறுபடி உதறினான். கண்ணாடிப் பெட்டியின் மேல் ரத்தம் விசிறி அடித்தது. உள்ளே வெற்றிவேலின் முகம் இருந்த இடத்தில் அது சொட்டுச் சொட்டாக வழிந்தது.

அடுத்த கணம் பந்தலே எழுந்தது. நாற்காலி ஒன்று அம்மாசியின் முதுகில் உடைந்தது. யாரோ உதைத்தார்கள். கீழே விழுந்தவரின் மேல் கால்கள். வடக்கனந்தலிலிருந்து வந்திருந்த பங்காளி ஒருவன் பந்தல் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தான். தனுஷா அம்மாசியின் மேல் குப்புற விழுந்தாள். கட்டை அவள் இடுப்பில் இறங்கியது. மூச்சு நின்று திரும்பியது.

"அடிங்கடா" என்று கத்தினாள். "ரெண்டு பொணமா தூக்கிகினு போங்க! அடிங்க!"

அடித்தவன் கட்டையைக் கீழே போட்டான்.

போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டு வந்தபோது கூட்டம் விலகி நின்றது. தீனதயாளன் மைத்துனனின் விரல்களிலிருந்து கத்தியைப் பிரித்தெடுத்து, அந்தக் கையில் தன் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தான். கத்தியைக் காணவில்லை. பச்சையம்மாள் தன் புடவையை இழுத்துக் காலடியில் எதையோ மூடி உட்கார்ந்திருந்தாள்.

"யாருய்யா குத்தனது?" என்று பெரிய போலீஸ்காரர் அம்மாசியைக் கேட்டார்.

அம்மாசி எழுந்து உட்கார்ந்தார். தோளிலிருந்து சட்டை நனைந்து இடுப்புவரைக்கும் இறங்கியிருந்தது. தமிழ்வேந்தனைப் பார்த்தார். பிறகு தனுஷாவை.

"யாரும் குத்தலீங்க. தலய சுத்திச்சி. நாற்காலி மேல வுழுந்துட்டேன். கம்பி கீசிடுச்சி."

"அவன் கையி?"

"என்னைத் தூக்க வந்தான். அவனுக்கும் கீசிடுச்சி."

போலீஸ்காரர் எல்லார் முகத்தையும் பார்த்தார். "சீக்கிரம் எடுங்கய்யா பொணத்த" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாசி மிதிபட்ட மாலையைப் பொறுக்கி, ரத்தம் படிந்த கண்ணாடியின் கால்பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார்.

கச்சிராயபாளையத்தில் ஒரு டாக்டர் தமிழ்வேந்தனுக்குத் தையல் போட்டார். நரம்பு அறுந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த மூன்று விரலும் பழையபடி மடங்குமா என்பது சந்தேகம் என்றார். ஸ்டியரிங் பிடிக்கிற கை. தமிழ்வேந்தன் பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டானாம். கல்யாணம் ஆகாதவன் என்பதால் வெற்றிவேலைப் புதைத்தார்கள். தமிழ்வேந்தன் இடது கையால் மண் போட்டபோது பெரியவர் ஒருவர், வலது கையால் போட வேண்டும் என்று சொன்னாராம். அவன் கையின் துணிக்கட்டை அவிழ்க்கப் போனான், தீனதயாளன்தான் பிடித்து நிறுத்தினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் தமிழ்வேந்தன் குளித்துவிட்டு வந்து உள்ளறையில் உட்கார்ந்தான். உறவுக்காரர்கள் வீட்டிலிருந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்திருந்தன. தனுஷா தட்டைக் கொண்டுபோய் எதிரில் வைத்தாள். இடுப்பைச் சாய்த்துத்தான் அவளால் உட்கார முடிந்தது. அவன் வலது கையில் முழங்கைவரைக்கும் வெள்ளைக் கட்டு. இடது கையை அவன் சோற்றுக்குக் கொண்டுபோகவில்லை.

"அதுக்குப் பூட்டு இல்லன்னு உனக்குத் தெரியுமா?" என்றான். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தெரியும்."

வெளியே பந்தல் பிரிக்கிறவர்கள் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கீற்றுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். சின்ன உருண்டையாகப் பிடித்து அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். ஒரு பருக்கை அவன் மடியில் விழுந்தது. பிறகு வாயைத் திறந்தான்.

மென்றுகொண்டே இருந்தான், விழுங்கவில்லை. அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.