படகுக் கொட்டகையில் இன்னொரு போன்

சோல்பியோர்க்கின் வீட்டு இணையத் தொடர்பை நாள் தவறாமல் மாலையில் அறுத்துக்கொண்டிருந்தவன், முந்தின குளிர்காலத்தில் கடலில் மூழ்கிப்போன அவள் கணவன் ஐலிஃப். நார்வேயின் லோஃபோதன் தீவுகளில் அந்த ஆண்டு காட் மீன் அள்ளிக் கொடுத்தது. அதனால் தொடர்பு அறுவதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தலைவலி அவளுக்குத்தான். கனடாவில் பிரசவத்துக்கு நாள் பார்த்திருந்த மகள் மாரித்தின் மின்னஞ்சல் வரும் நேரம் அது. மோடம் கீச்சிடும், இரையும், பாதியில் செத்துப்போகும். தொலைபேசி ஆள் தெர்யே வந்து, பழைய கணினியின் பின்னால் தலையை நுழைத்தான். கம்பியை மாற்றினான், வேகத்தைக் குறைத்தான், கடைசியில் மோடத்தில் காதை வைத்துக் கேட்டான்.

"அக்கா, மோடம் மேல தப்பே இல்ல. வீட்டுல இதே லைன்ல இருக்கிற இன்னொரு போனை யாரோ எடுக்குறாங்க. அதான் கட்டாகுது."

"நான் இங்க உனக்கு வாஃபிள் சுட்டுக்கிட்டிருக்கேன். வேற யாரு எடுக்கிறது, பூனையா?"

இன்னொரு போன் படகுக் கொட்டகையில் இருந்தது. கடலுக்குப் போகுமுன் வானிலை கேட்க ஐலிஃப் தானே கம்பி இழுத்து வைத்தது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். ரிசீவரில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெர்யே விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

"கம்பிய வெட்டிடவா?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

சோல்பியோர்க் வலைக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐலிஃப் கடலுக்குப் போன அந்தக் கடைசி மாலையிலும் தொடர்பு இப்படித்தான் அறுந்தது. அவள் எரிச்சலோடு உடனே மறுபடி இணைத்தாள். கொட்டகையில் போனை எடுத்திருந்த அவனுக்கு மோடத்தின் இரைச்சல்தான் கேட்டது. பொறுத்துப் பார்த்துவிட்டு, வானிலை கேட்காமலே படகைத் தள்ளிவிட்டான். அதை நினைத்து அவள் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

"வெட்டாத. அவன் இன்னும் வானிலை கேக்கல."

மறுநாள் மாலை மோடத்தின் கம்பியை உருவிவிட்டு, சமையலறைப் போனைக் காதில் வைத்துக் காத்திருந்தாள். கொட்டகையில் ரிசீவர் எழுந்தது, எண் சுழன்றது. மேற்கிலிருந்து புயல் என்று வானிலைக் குரல் வாசித்தது. அருகில் யாரோ ஈரமாக மூச்சுவிட்டார்கள்.

"கேட்டுச்சா? போகாத, ஐலிஃப்."

"ம்," என்றது மறுமுனை.

பேத்தி பிறந்த செய்தி அன்றிரவு தடையில்லாமல் வந்தது. இப்போதெல்லாம் முதலில் அவன் வானிலை கேட்கிறான், பிறகு அவள் மகளின் மின்னஞ்சலைப் படிக்கிறாள். புயல் நாட்களில் கொட்டகையில் விளக்கு எரியும். அதைப் பார்த்தால் ஊர்ப் படகுகளும் கடலுக்குப் போவதில்லை.