கடைசிப் பன்னிரண்டு வசனம்

கூரையில் தொங்கும் துணி விசிறிக்குப் பங்கா என்று பெயர். அதன் கயிறு சுவரில் உள்ள ஓட்டை வழியாக வராந்தாவுக்கு வரும். அதைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு இழுப்பவனை உள்ளே இருப்பவர்கள் பார்க்க முடியாது. 1934 பங்குனியில், திண்டிவனத்தில் ஒரு மிஷன் பங்களாவில், ஆறு நாள் அப்படி இழுத்தவன் பச்சைமுத்து. பிரம்மதேசத்துக்கு அந்தப் பக்கத்துச் சேரிக்காரன். கிணறு வெட்டுகிற ஆள். வெட்டு இல்லாத நாளில் எது கிடைத்தாலும் செய்வான்.

அவன் மகள் செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

அதற்கு முந்திய இரண்டு பிள்ளைகளும் ஞானஸ்நானம் கொடுத்த மாதமே போய்விட்டன. மூன்றாவது பெண் பிறந்ததும் அவன் பெண்சாதி சின்னபொண்ணு அதைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, குப்பம்மாள் என்று கூப்பிட்டாள். சாவு கண்ணுக்கு வேண்டாத பொருளாக இருக்கட்டும் என்று. ஒரு வயது தாண்டினால் கோயிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுத்து நல்ல பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். பதினோராவது மாதம் பேதி கண்டது. இரண்டு நாள்.

குழி வெட்டக் கடப்பாறையோடு போன பச்சைமுத்துவைக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார் மாசிலாமணி ஐயர். அவர்தான் சேரிச் சபைக்குப் போதகர்.

"குப்பையில பொரட்டத் தெரிஞ்சுது. ஸ்நானத்துக்குத் தூக்கிக்கினு வரத் தெரியலையா உங்களுக்கு?"

வேதத்தைத் திறந்து, இரண்டாம் சுவிசேஷத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியைப் படித்தார். நம்பி ஸ்நானம் வாங்கினவனுக்கு மீட்சி, நம்பாதவனுக்குத் தண்டனை என்று வரும் வரி. சின்னபொண்ணு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். பிறகு ஏரிக்கரையில் கருவேல மரத்தடியில் புதைத்தார்கள். ஈர மண். கடப்பாறை தேவைப்படவில்லை.

அவள் அழவில்லை. மறுநாளே மல்லாட்டை மண்டிக்கு, நிலக்கடலைக் காய் உடைக்கப் போனாள். பொழுது சாய்ந்து வந்து உலை வைக்கும்போது ஒன்று கேட்டாள்.

"இன்னாய்யா, அது நரகத்துல எரிஞ்சிக்கினு இருக்குமா?"

அடுத்த நாளும் கேட்டாள். நாற்பது நாளும் கேட்டாள். வேறு பேச்சு அந்த வீட்டில் குறைந்துபோயிற்று.

பங்களாவில் கூடியவர்கள் வேதத்தின் தமிழைத் திருத்த வந்தவர்கள். பங்களாத் துரை, மாசிலாமணி ஐயர், தமிழைச் செப்பம் செய்ய விழுப்புரத்திலிருந்து ரயிலேறி வந்த கோலியனூர்ப் புலவர் விருத்தாசலம். புலவர் விபூதிக்காரர். இங்கிலீஷ் வராது. அதனால் பேச்செல்லாம் தமிழில் நடந்தது. முதல் மூன்று நாள் பச்சைமுத்துவின் காதில் எதுவும் ஏறவில்லை. நாலாம் நாள், இரண்டாம் சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனம் என்று ஐயர் சொன்னது ஏறியது.

"இந்தப் பன்னெண்டும் சுவிசேஷக்காரர் எழுதினதில்ல துரை. ருஷ்யாக்காரன்கிட்டேர்ந்து போன டிசம்பர்ல லண்டனுக்கு வாங்கினு வந்தாங்களே, அந்தப் பழைய வேதத் தோல் ஏட்டுல இது கெடையாது. ரோமாபுரி ஏட்டுலயும் கெடையாது. பொம்பளைங்க பயந்து ஓடினாங்க, யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல, அதோட முடிஞ்சுபோவுது. இதுக்கு மேல வர்ற கிரேக்கு நடையே வேற ஆளுடையது."

"எங்களுதுலயும் இதே கூத்துதான்," என்றார் புலவர். "சுவடியில கடைசி ஓலைதான் மொதல்ல உதுந்துபோவும். பின்னால வந்தவன் சும்மா இருப்பானா? சொந்தமா நாலு பாட்டைச் சொருகிட்டுப் போய்டுவான். நாங்க அதையும் சேத்துத்தான் பாடிக்கினு இருக்கோம்."

துரை சிரிக்கவில்லை. "ஜனங்கள் கேட்டுப் பழகிய வசனங்கள், ஐயரே. எடுத்தால் கலங்கிப்போவார்கள். உமக்கு இதில் சந்தேகமே இல்லையா?"

"சந்தேகமா? பெங்களூர்ல படிக்கச்சயே தெரியும். பதினெட்டு வருஷமா தெரியும்."

பச்சைமுத்துவின் கால் நின்றது.

"பங்கா!" என்று துரை கத்தினார். கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. கால் ஆடுவது அவனுக்கே யாருடைய காலோ ஆடுவதுபோல இருந்தது.

சாயங்காலம் வரை வாதம் நடந்தது. முடிவில் பன்னிரண்டும் இருக்கட்டும் என்றார்கள். மேலே ஒரு விரற்கடை இடம் விட்டு அச்சடித்தால் படித்தவனுக்குப் புரியும். படிக்காதவன் கலங்க மாட்டான்.

ஐயர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது பச்சைமுத்து போய் நின்றான்.

"ஐயரே, உள்ள பேசனத கேட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எம் பொண்ண வெளிய போடச் சொன்னப்பவும் தெரியுமா உங்களுக்கு?"

"உள்ள பேசறது படிப்பு பச்சைமுத்து. வெளிய சபை. சபைக்கு ஒரு ஒழுங்கு வேணும். அந்த வரிய காட்டலன்னா நீங்கல்லாம் குப்பைமேட்ட உட்டு வரவே மாட்டீங்க."

"கொழந்தைய எடுத்து உள்ள வெக்கச் சொல்லல நானு. எங்க ஊட்டுக்கு வாங்க. அந்த ரூம்புல சொன்னத எங்க சின்னபொண்ணுகிட்ட சொல்லுங்க. அவ்ளோதான்."

ஐயர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உன் ஒருத்தன் ஊட்டுல வந்து சொல்லிடலாம். ஏரிக்கரையில நான் வெக்கச் சொன்னது இன்னும் ஒம்போது இருக்குது. அதுங்களப் பெத்தவங்களுக்கு இன்னா சொல்றது?"

"அதையேதான் சொல்லணும்."

ஐயர் குடையை விரித்துக்கொண்டு பங்களாவுக்குள் போனார். மழையும் இல்லை, வெயிலும் இறங்கிவிட்டது.

பச்சைமுத்து வீட்டுக்கு நடந்தான். சின்னபொண்ணு கேப்பைக் கூழைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் மல்லாட்டைத் தூசி. அவள் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்.

"எரியல. அந்த வரி பின்னால எவனோ சேத்தது."

"எவன்?"

"தெரியாதாம்."

"யாரு சொன்னது?"

"ஐயரு. உள்ள சொன்னாரு. பங்கா இழுத்துக்கினே கேட்டேன்."

"எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு."

"மாட்டேங்கறாரு."

அவள் துடுப்பை நிறுத்தவில்லை. "அப்ப நீ கனா கண்டிருப்ப," என்றாள்.

நாலு நாள் கயிறு இழுத்ததில் அவன் கட்டைவிரல் வீங்கியிருந்தது. அதில் விளக்கெண்ணெய் தடவினான்.

ஞாயிற்றுக்கிழமை வீரம்மாள் பேரனுக்கு ஞானஸ்நானம். சேரியே கோயிலில் இருந்தது. சின்னபொண்ணு பெண்கள் பக்கம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்நானம் கொடுக்கும்போதெல்லாம் ஐயர் அந்த வரியை வாசிப்பார். அவள் தலையைக் குனிந்து, முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஐயர் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். வாசித்தார். ஓர் இடத்தில் குரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதற்கு அடுத்த வரியிலிருந்து வாசித்தார். சபையில் ஒரு சலசலப்பும் இல்லை. வீரம்மாள் பேரன் தண்ணீர் பட்டதும் வீறிட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

வெளியே வந்து இருவரும் ஏரிக்கரை வழியாக மண்டிக்கு நடந்தார்கள். மண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கருவேல மரம் தாண்டியபோது அவள் கேட்டாள்.

"இன்னிக்கி அந்த வரிய உட்டுட்டாரு. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"மறந்துட்டாரா, வேணும்னே உட்டாரா?"

"வேணும்னேதான்."

அவள் கொஞ்ச தூரம் நடந்தாள்.

"அப்ப அன்னிக்கே உட்டிருக்கலாமே," என்றாள்.

கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு உலை வைக்கும்போது அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பச்சைமுத்து கோயிலுக்குக் கூப்பிட்டபோது, காய் உடைக்கிறது நிறைய இருக்குது, நீ போய்ட்டு வா என்றாள்.