முள் ஏற வேண்டும்

வாட்சின் முகத்தில் விசிறி போல ஒரு சின்னக் கட்டம். அதிலுள்ள முள், சாவி இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். கை அசைந்தாலே சாவி ஏறும் வாட்சுக்கு அந்த முள் எதற்கு என்று மனைவி லோகப்பிரியா வாங்கித் தந்த அன்றே கேட்டார் கிருபாசங்கர். கணபதி பகுதியில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். வேலையில்லாத உதிரிபாகம் அவருக்கு ஆகாது.

"எனக்கு அதுல வேலை இருக்குதுங்க," என்றாள் லோகப்பிரியா.

சர்க்கரைக்காக அவரைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடந்தால் முள் ஏறும். பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றால் இறங்கும்.

"வெள்ளிக்கிழமை முள்ளு பாதிக்குக் கீழ இருந்துதுன்னா, அந்தியூர் குதிரைச் சந்தைக்கு நானும் எந்தங்கச்சியும் மட்டும் போய்க்கறோம்."

இருபது வருஷமாக அவர் தவறவிடாத சந்தை அது.

வெள்ளி காலை முள் கால் பங்குக்கும் கீழே கிடந்தது. திருகிச் சாவி கொடுக்க அந்த வாட்சில் வழியில்லை. பத்து நிமிஷம் கையை உதறினார்; மயிரிழை ஏறியது. லோகப்பிரியா வங்கிக்குப் போனதும் கிரைண்டர் சட்டியில் வாட்சைக் கட்டிச் சுற்றவிட்டார். வாட்ச் சுற்றியது. முள் அசையவில்லை.

பட்டறைக்கு ஓடினார். டர்னர் அப்புசாமி எல்லாவற்றையும் சிரமப்பட்டுச் சிரிக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"படுக்கையாச் சுத்துனா உள்ள இருக்கற குண்டு அசையாதுங்ணா. ராட்டினமாட்ட மேலயும் கீழயும் போகோணும்."

வாட்சைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, லேத்தில் பிடித்து, ஆக மெதுவான வேகத்தில் ஓடவிட்டான். பெருந்துறையிலிருந்து ஷாஃப்ட் வாங்க வந்தவரும் ஷாஃப்டை மறந்து வேடிக்கை பார்த்தார். ஒரு மணி நேரத்தில் முள் உச்சியைத் தொட்டது.

சாயங்காலம் லோகப்பிரியா முள்ளை வெகுநேரம் பார்த்தாள்.

"உங்களுக்குத் தர்றதுக்கு முன்னால பத்து நாள் நான் கட்டிப் பாத்தனுங்க. தெனம் ஏழு கிலோமீட்டரு நடந்தும் முக்காலைத் தாண்டல. நீங்க என்ன, தாராபுரம் வரைக்கும் நடந்துட்டு வந்தீங்களா?"

"லேத்துல மாட்டிப்போட்டேன் அம்மணி."

அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

"நடந்தது லேத்துதானுங்க. அதையே சந்தைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அது ரெண்டு டன்னு அம்மணி."

"நீங்க கொஞ்சந்தான் கம்மி."

மறுநாள் அந்தியூருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது காரை ஓரங்கட்டினாள். "எறங்குங்க."

அவர் கையை வீசி வீசி நடந்தார். சந்தைக்குப் போகும் குதிரைகள் அவரைத் தாண்டிப் போயின. பின்னால் நடை வேகத்தில் காரை ஓட்டிவந்த லோகப்பிரியா, சிரிப்பு முட்டும்போதெல்லாம் ஹாரனை அழுத்தினாள்.