நூறா, நானூறா

எங்கள் வீட்டில் இருந்தது பொம்மைக் கேமரா. மாமா வாங்கிக் கொடுத்தது, முழுக்கப் பிளாஸ்டிக். திருப்ப ஒன்றுமில்லை, கூட்டிக் குறைக்க ஒன்றுமில்லை. அமுக்கினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நம் புத்தியைக் காட்ட ஒரே இடம் ஃபிலிம் விற்கும் கடை. வெயிலுக்கு நூறு என்று எண் போட்ட ஃபிலிம் வாங்க வேண்டும், மங்கல் வெளிச்சத்துக்கு நானூறு.

அதில் எடுத்த படங்களில் எல்லாரும் இருக்கிறோம், பக்கத்து வீட்டுப் பூனை உட்பட. அம்மா மட்டும் இல்லை. நாங்கள் படம் எடுப்பது வாசல் வெயிலில்; அவள் இருப்பது பின்னறைத் தையல் மெஷினில். கூப்பிட்டால், “இந்தச் சட்டைக்குக் கை மட்டும் வெச்சுட்டு வந்துடறேன்” என்பாள். ஊராருக்கெல்லாம் எத்தனை கைகளோ, வேலை முடிந்தபாடில்லை.

எனக்கு வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பும் நாளும் நெருங்கிவிட்டது. அம்மா படம் ஒன்றுகூட இல்லாமல் போவதா? ஆத்திரமாக வந்தது. அண்ணனை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“நூறு வாங்கு. வெயில்ல பளிச்சுன்னு வரும்.”

“அம்மா என்னிக்கு வெயிலுக்கு வந்திருக்கா? நானூறு வாங்கி உள்ளேயே எடுக்கப்போறேன்.”

“வெளியே ஒண்ணு எடுத்தாலும் வெளுத்துடும், பாத்துக்க.”

“எடுத்தாத்தானே? நீ சும்மா இருண்ணா.”

“சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க” என்றார் கடைக்காரர். நானூறு ஜெயித்தது.

மறுநாள் நடுப்பகலில், மெஷினை ஜன்னலோரம் நகர்த்தலாம் என்று போனால் நாற்காலி காலி.

“அங்கே என்ன தேடறே? இங்கே வா!”

குரல் வாசலிலிருந்து வந்தது. உச்சி வெயிலில் சுவரோரம் அம்மா விறைப்பாக நின்றாள். மேலே புதுச் சட்டை, வெள்ளையில் பொடிப்பொடியாய் நீலப் பூ. எங்களுக்குத் தெரியாமல் தனக்கே தைத்திருக்கிறாள்! அவள் தனக்கென்று துணி வெட்டி நான் பார்த்ததே இல்லை.

“எவ்வளவு நாளா கெஞ்சறே. அதான் வந்துட்டேன். சீக்கிரம் எடு, கண்ணு கூசுது.”

அண்ணன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று நானும் பார்த்தேன். “உள்ளே வாம்மா” என்று நாக்கு நுனிவரை வந்தது. எந்த வாயால் சொல்வது? அமுக்கினேன். அவள் உள்ளே போய்ப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். மிச்ச ஃபிலிமை அங்கே எடுத்துத் தீர்த்தேன்.

உள்ளே எடுத்ததெல்லாம் அருமையாக வந்தது: குனிந்த தலை, மெஷின், மூக்குக்கண்ணாடி. வாசல் படம் அண்ணன் சொன்னபடியே ஆயிற்று. சுவரும் அம்மாவும் ஒரே வெளுப்பு. ஒரு பூகூடத் தெரியவில்லை.

அம்மா காலமான பிறகு படங்களைப் பங்கு போட்டோம். மெஷின் படங்களை அண்ணன் எடுத்துக்கொண்டான். நான் வெளுத்ததை எடுத்தேன்.

“அதுல முகமே சரியாத் தெரியலையே.”

“எனக்குத் தெரியுது. எனக்காக வெளியே வந்து நிக்கறா, பாரு.”

சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“நீலப் பூதானே அது?” என்றான்.

“ஆமாண்ணா. பொடிப் பூ.”