மேஸ்திரியின் பீரோ

விடியுமுன்பே தக்காளிச் செடிகளின் ஈரம் முழங்கால்வரை ஏறிவிட்டது. செடியின் கறை விரல்களில் கறுத்துப் படிந்து நகக்கண்ணில் எரிந்தது. குனிந்த அம்மா நிமிரவில்லை, வெயில் ஏறுமுன் லாரி கிளம்பியாக வேண்டும். பக்கத்து வரிசையில் மகளும் பறித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம். மூன்றிலும் மூன்றாம் வகுப்புதான்.

“அம்மா, பள்ளிக்கூடத்துல சேர நாளைக்குத்தான் கடைசி நாளாம். டி.சி. இல்லாம சேத்துக்க மாட்டாங்களாம்.”

தப்பு அம்மாவுடையது. இந்தத் தோட்டத்துக்கு வந்த அன்று நல்ல மழை. “கொட்டகை ஒழுகுதும்மா. பிள்ளைங்க டி.சி.யெல்லாம் என் பீரோவுல பத்திரமா இருக்கட்டும்” என்று கூலிக்கு ஆள் பிடித்து வந்த மேஸ்திரி உருகினான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதது. இவளும் கும்பிட்டுக் கொடுத்தாள். பதினோரு குடும்பமும் கொடுத்தது.

லாரி வந்து நின்றது, மேஸ்திரி இறங்கினான்.

“அண்ணே, பாப்பாவோட டி.சி.யக் குடுங்க.”

“பறிப்பு முடியட்டும். இப்பக் குடுத்தா வேற தோட்டத்துக்கு ஓடிடுவீங்க.”

“ஓடற காலா இது? மடக்கினா நீட்ட முடியல.”

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. “போன வருசம் வாய் பேசினவன் கொட்டகை என்னாச்சு, தெரியுமில்ல? பெட்டியத் தூக்கு.”

தெரியும். கரிந்த நான்கு கம்புகள் இன்னும் வரப்போரம் நின்றன.

நிறைந்த பெட்டியை ஒற்றை ஆள் தூக்க முடியாது. எதிர்ப்பக்கம் பிடித்திருந்தவள் பக்கத்துக் கொட்டகைக்காரி. குழாயடிச் சண்டையில் இருவருக்கும் பத்து நாளாகப் பேச்சில்லை.

அம்மா பிடியை விட்டாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

பக்கத்துக் கொட்டகைக்காரி நின்றுகொண்டே இருந்தாள். சிறுமியைப் பார்த்தாள், கரிந்த கம்புகளைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தையும் இறக்கினாள்.

“எம் மவன் டி.சி.யும் அந்தப் பீரோவுலதான் கெடக்கு.” மேஸ்திரியிடம் அல்ல, அம்மாவிடம் சொன்னாள்.

வரிசை வரிசையாகப் பெட்டிகள் தரையில் இறங்கின. வெயில் தக்காளிமேல் ஏறியது.

“முதலாளி வர்றாருடி, செத்தீங்க!” மேஸ்திரியின் குரல் உடைந்தது. தூரத்தில் ஜீப்பின் புழுதி எழுந்தது.

“அம்மா, நான் பறிக்கட்டுமா?” மகள் பயந்துபோய்க் கேட்டாள்.

“வேணாம். கைய நல்லாக் கழுவு. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்.”

புழுதி நெருங்கியது. யாரும் எழவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரி தன் குடத்தைச் சாய்த்து, சிறுமியின் கையில் தண்ணீர் ஊற்றினாள்.