ஏப்ரல் பதினெட்டு வரை

ஐந்தரைக்கு எழுவேன். ஒரு ஆழாக்கு அரிசி களைந்து குக்கரில் போடுவேன். அது வேகும் நேரத்தில் முகம் கழுவி மிசோ சூப் வைப்பேன். முதல் பிடி சோறு சின்னக் கிண்ணத்தில் இகுமியின் படத்துக்கு முன்னால் போகும். மணியை ஒரு முறை தட்டுவேன். ஓசை அடங்கியதும் சாப்பிடுவேன்.

ஆறேகாலுக்கு வெளியே வந்து, ஜீப்புக்கு அடியில் விரித்திருக்கும் அட்டையை இழுத்துப் பார்ப்பேன். கறுப்புச் சொட்டு என்றால் எஞ்சின் எண்ணெய். பழுப்பு என்றால் கியர் பெட்டி. பச்சை என்றால் ரேடியேட்டர். பெரும்பாலும் கறுப்பு மூன்று, பழுப்பு ஒன்று இருக்கும். பச்சை இந்த வருஷம் இதுவரை இல்லை. எண்ணெய் அளவுக்கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பேன். குறைந்திருந்தால் ஊற்றுவேன். வண்டியைக் கிளப்பி மூன்று நிமிடம் சும்மா ஓடவிடுவேன். பிறகு பள்ளிக்கூடம். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதியும் இதெல்லாம் செய்தேன். பள்ளிக்கு மட்டும் விடுப்பு. ஜீப்பின் தகுதிச் சான்று அன்றோடு முடிகிறது. அன்று சோதனையில் தேறாவிட்டால் மறுநாள் முதல் சாலையில் இறக்கக் கூடாது. முப்பது வருஷம் தாண்டிய வண்டி. ஒரு முறை நின்றால் நேராகப் பழைய இரும்புக்குத்தான் போகும்.

ஜீப் என் மனைவி இகுமியுடையது. ஹெய்செய் ஆறாம் வருஷத்து வண்டி, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு. பெட்டி மாதிரி சின்னது, அறுநூற்று அறுபது சி.சி. அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். எங்கள் மலையூர் ஒகுனியில் மேல் கிராமங்களுக்குக் குளிர்காலத்தில் போக வேண்டுமென்றால் நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். முதல் சம்பளத்தில் அதை வாங்கியபோது அதற்கே பத்தொன்பது வயது. எனக்கு அவளை அப்போது தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு அது எங்கள் இரண்டு பேர் வேலையாயிற்று. பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் மருந்து இரும்பைத் தின்னும். ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் அடியில் படுத்துக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுவாள். காய்ந்ததும் நான் கறுப்புப் பூசுவேன். கிளட்ச் ஒரு முறை மாற்றினோம். டர்போ ஒரு முறை. ரேடியேட்டர் இரண்டு முறை. அறுபதில் போனால் ஸ்டீயரிங் நடுங்கும். ஐம்பதுக்கு இறங்கினால் நடுக்கம் நிற்கும், எழுபதுக்கு ஏறினாலும் நிற்கும். நான் இறங்குவேன். அவள் ஏறுவாள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி, மேல் கிராமத்தில் ஒரு நோயாளி வீட்டு முற்றத்தில், அவள் தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்தது. முப்பத்து மூன்று வயது. எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து வைத்திருந்தாள். கதவைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழிக்கவில்லை.

உடலை வைத்து இரவு முழுக்க விழித்திருக்கும் சடங்கில் அவள் அம்மா என்னிடம் கேட்டார். கடைசியாக உங்களிடம் என்ன சொன்னாள் என்று. முப்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாக ஜீப் தெரிந்தது. யாரோ ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னாள் என்றேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது வேறொன்று சொன்னாள். முப்பது பேருக்கு நடுவில் அதைச் சொல்ல முடியவில்லை.

ஒரு வாரத்தில் நான் சொன்னது ஊருக்கே தெரிந்துவிட்டது. பள்ளியிலிருந்து திரும்பினால் ஜீப்பின் முன்மூடி மேல் முள்ளங்கி ஊறுகாய் இருக்கும். யார் வைத்தது என்று தெரியாது. கடையில் நிறுத்தினால் வயதானவர்கள் வந்து அதன் பக்கவாட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், மாட்டைத் தட்டுவதுபோல.

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை தொகாஷி வந்தார். கீழ்த் தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பள்ளியில் இகுமிக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். வணக்கம்கூடச் சொல்லாமல் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். ஸ்க்ரூ டிரைவரால் குத்தும் சத்தம் கேட்டது. ஓர் இடத்தில் சத்தம் நின்றுவிட்டது.

"இது சேஸிஸ் இல்ல வாத்தியாரே, அரிசி அப்பளம்," என்றார் அடியிலிருந்து. "இவ்வளவு நாளா எதைப் பூசினீங்க? காத்து மேலயா?"

போன முறை சோதனைக்கே இதைத் தூக்கிப் போடு என்று இகுமியிடம் சொன்னாராம். கேட்கவில்லையாம். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார். அவள்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாளே.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. இடது பின்பக்கம் துரு தின்ற பாகத்தை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை மடித்து வைத்துப் பற்றவைத்தார். கூலி பற்றிப் பேச்செடுத்தபோது, விளக்கை இன்னும் கிட்டே பிடி என்றார். நான் விளக்கைப் பிடித்தேன். மூன்று முறை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். மூன்று முறையும் அவர் முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டார். முகமூடி போட்டவரிடம் எதைச் சொல்வது.

பதினெட்டாம் தேதி காலை தொகாஷியும் கூட வந்தார். மலைப்பாதையில் இன்னும் பனி கிடந்தது. எங்கள் ஜீப்பில் நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் வேலை. ஓட்டாதவர் இறங்கி முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் பூட்டைக் கையால் திருப்ப வேண்டும். ஓட்டுகிறவர் லீவரை இழுக்க வேண்டும். பனி முடிந்ததும் அதே மாதிரி எடுத்துவிட வேண்டும். இறங்குகிறவர்தான் "போதும், எடு" என்று சொல்ல வேண்டும். இகுமி வைத்த வழக்கம். ஏறும்போது தொகாஷி ஒழுங்காக இறங்கித் திருப்பினார். இறக்கத்தில் தூங்கிவிட்டார். யாரும் எடு என்று சொல்லவில்லை. நான் எடுக்கவில்லை. நகரம் வரை சாலை ஈரமாகவே இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

சோதனை நிலையத்தில் வரிசை. விண்ணப்பத்தில் உடைமையாளர் என்ற இடத்தில் ஓதாகி இகுமி என்று எழுதினேன். கொண்டு வருபவர் என்ற இடத்தில் என் பெயர். பெயர் மாற்றும் வேலையை நான் இன்னும் செய்யவில்லை.

சோதனைப் பாதைக்குள் திரும்பும்போதுதான் ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகியது. சக்கரங்கள் தரையைப் பிறாண்டின. லீவரை இழுத்தேன். வரவில்லை. இந்த மாதிரி வண்டியில் உலர்ந்த தரையில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். நேராக நாலு மீட்டர் பின்னால் போனால்தான் முறுக்கு விடும். பின்னால் ஒரு குட்டி லாரி ஒட்டி நின்றது. அதற்குப் பின்னால் ஐந்து வண்டி. முன்னால் பிரேக் பார்க்கும் உருளைகள். இப்படியே ஏறினால் ஜீப் உருளையிலிருந்து குதித்துவிடும்.

சோதனை அதிகாரி ஜன்னலருகே வந்து, முன்சக்கரப் பூட்டைப் பார்த்தார். "நாலுலயே இருக்கு போலருக்கே," என்றார்.

"ஆமாங்க. லீவர் வரலை."

"பின்னாடி போங்க, வரும்."

"தெரியுங்க. இடம் இல்ல."

தொகாஷி கம்பி வேலிக்கு வெளியே காபி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. வேலியைச் சுற்றி ஓடி வந்து லாரிக்காரரிடம் தலை குனிந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரிடம் குனிந்தார். கடைசி வண்டி வரைக்கும் குனிந்துகொண்டே போனார். ஒவ்வொரு வண்டியாகப் பின்வாங்கியது. நான் நாலு மீட்டர் பின்னால் வந்தேன். அடியில் டொக் என்றது. லீவர் வெண்ணெயில் போவதுபோல் வந்தது. தொகாஷி குந்தி உட்கார்ந்து முன்சக்கரப் பூட்டுகளைத் திருப்பினார்.

"மெக்கானிக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வர்ற அழகைப் பாரு," என்று லாரிக்காரர் சொன்னார். தொகாஷியின் சட்டையில் ஒர்க்‌ஷாப் பெயர் பெரிதாக எழுதியிருந்தது.

"பேரைப் பாக்காதீங்க, வெளியூர்க்காரன்னு நெனச்சுக்குங்க," என்றார் தொகாஷி.

பிரேக் தேறியது. பலகையில் வட்டம் விழுந்தது. வலது விளக்குக்குப் பெருக்கல் குறி. வெளியே வந்து, ஒரு கிடங்குச் சுவரின் முன்னால் நிறுத்தி, தொகாஷி விளக்கின் திருகாணியைக் கால் சுற்று திருப்பினார். மறுபடி வரிசையில் நின்றோம். இரண்டாம் தடவை வட்டம்.

கடைசியில் பள்ளம். ஜீப்பைப் பள்ளத்துக்கு மேலே நிறுத்தினேன். அதிகாரி கீழே இறங்கினார். சுத்தியல் சத்தம், மேலே உட்கார்ந்திருப்பவனுக்குப் பாதத்தில் தெரியும். முன்பக்கம் இரண்டிலும் ஒவ்வொரு தட்டு. வலது பின்பக்கம் ஒரு தட்டு. இடது பின்பக்கம் வந்ததும் நாலு தட்டு. பிறகு சத்தமே இல்லை. டார்ச் வெளிச்சம் கதவு இடுக்கில் வந்து போனது.

தேறாமல் போனால் தேவலை என்று அப்போது தோன்றியது. தேறினால் இன்னும் இரண்டு வருஷம். ஊறுகாய், தட்டிக் கொடுத்தல், அவள் சொன்னாளே, அவள் சொன்னாளே. தேறாவிட்டால் ஜீப்பும் போகும், நான் சொன்னதும் அதோடு போகும். ஆனால் தொகாஷியின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் போகும். நாளைக் காலை ஆறேகாலுக்கு அட்டையை இழுத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வண்டி நின்றுதான் இருந்தது.

இன்னொரு தட்டு. ஐந்தாவது. நல்ல கெட்டிச் சத்தம்.

பலகையில் வட்டம் விழுந்தது.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ஒலிபெருக்கி கூப்பிட்டது. ஓதாகி இகுமி-சான். ஓதாகி இகுமி-சான், இரண்டாம் ஜன்னலுக்கு வாங்க. எழுந்து போனேன். ஜன்னலில் இருந்த பெண் காகிதத்தையும் என்னையும் பார்த்தாள்.

"நீங்க அவங்க வீட்டுக்காரரா?"

ஆமாம் என்றேன்.

"இந்தாங்க சான்று. கண்ணாடியில ஒட்டறது இது. விலாசம் மாறினா உடனே தெரிவிக்கச் சொல்லுங்க, அவங்ககிட்ட."

"சொல்றேன்," என்றேன்.

வெளியே வரும் வழியில் அதை எண்ணினேன். நூறு நாளில் இரண்டாவது. முதல் பொய்யைவிட எளிதாக வந்தது. அதுதான் பிடிக்கவில்லை.

தொகாஷி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, முன்கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத் தயாராக நின்றார். சின்னச் சதுரச் சான்றை வாங்கி, பின்காகிதத்தை உரித்துக் கட்டைவிரலில் ஒட்டவைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் வாத்தியாரே. இகுமி சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்ட."

"அவ அப்படிச் சொல்லல."

"எதை?"

"ஜீப்பைப் பாத்துக்கோன்னு. அவ சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

அவர் கட்டைவிரலைப் பார்த்தார். குட்டி லாரிக்காரர் எங்களைக் கடந்து போகும்போது ஹாரன் அடித்தார். தொகாஷி மற்றக் கையைத் தூக்கிக் காட்டினார். லாரி சாலையில் ஏறி மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு ஞாயித்துக்கிழமை," என்றார். பிறகு, "பத்தவச்சதுல கண்ணு ரெண்டு நாள் எரிஞ்சுது."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"சரி. என்னதான் சொன்னா?"

"கேட்டா ஒட்ட மாட்டீங்க."

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி உள்ளே சாய்ந்தார். கண்ணாடியின் மேல்மூலையில் சான்றை வைத்து அழுத்தினார். நடுவில் ஒரு காற்றுக் குமிழ் நின்றது. அதை நகத்தால் மெதுவாக ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றினார். இறங்கி, தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஒட்டியாச்சு. இப்ப சொல்லு."

அன்று காலை நாற்பது சென்டிமீட்டர் புதுப் பனி. அவள் எனக்கு முன்னால் எழுந்து ஜீப்பைத் தோண்டி எடுத்து, கிளப்பிவிட்டு, மறந்து வைத்த பையை எடுக்கத் திரும்பி வந்தாள். பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள். நான் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வாயில் சோறு இருந்தது. பையின் வாரைச் சரிசெய்ய, ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். அதனால் முதலில் சொன்னது புரியவில்லை. என்னவென்று கேட்டேன். கையுறையைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். கோபமில்லை, சிரிக்கவுமில்லை. கடைக்குப் போகும்போது பால் வாங்கி வரச் சொல்கிற குரல். அதை மாற்றாமல் அப்படியே தொகாஷியிடம் சொன்னேன்.

"ஏப்ரல்ல இந்த ஜீப்பைத் தள்ளிவிட்டுடு. ஹீட்டர்ல சூடு வர்ற வண்டி எதுவா இருந்தாலும் சரி, எனக்கு அது போதும்."