வரப்போரத்து மனிதவேர்

ஹசிபேவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து எலுமிச்சை மரங்களுக்கடியில் குனிந்து கொத்தியதில், நிமிர்ந்தால் முதுகில் ஆணி இறங்கியது. மற்ற பெண்கள் மண்வெட்டியைக் கழுவப் போன பிறகும் அவள் நிமிரவில்லை. வரப்போரத்தில், தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்த சுருக்க இலைகளுக்கு நடுவே ஒரு ஊதாப் பூவைப் பார்த்துவிட்டாள்.

மனிதவேர். தோண்டினால் இரண்டு கால் முளைத்த மனுஷன் மாதிரி இருக்கும். டாரஸ் மலையடிவாரத்தில் பிள்ளை இல்லாதவள் தேடாத வரப்பு கிடையாது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மாமியார் எமெதி மலைமேல் ஊரில் ஒரு விதவையைப் பேசி வைத்துவிட்டாள். ஹசிபேவின் வயிற்றில் எதுவும் தங்கவில்லையென்றால், எலுமிச்சை அறுவடை முடிந்ததும் புருஷன் துரலிக்கு அந்த விதவை இரண்டாம் தாரம். துரலி வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறான்.

வேரைப் பிடுங்கும்போது அது அலறும், கேட்டவர் சாவார்கள், அதனால் வேரில் நாயைக் கட்டி இழுக்கவிட வேண்டும் என்பார்கள். ஹசிபேவிடம் நாய் இல்லை. என் மாமியாரைவிடவா இது பெரிசாகக் கத்திவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு மண்வெட்டியைப் போட்டாள். வேர் சத்தமில்லாமல் வந்தது.

இன்னொரு விதியை மட்டும் அவளால் அப்படித் தள்ள முடியவில்லை. தோண்டிய வேரை இலையோடு மூன்று ராத்திரி புருஷனின் மெத்தைக்கடியில் வைக்க வேண்டும். அதுவரை அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. வாய் திறந்து பெயரைச் சொன்னால் பலன் அதைக் காதால் கேட்டவளுக்குப் போய்விடும்.

வேரைத் துணிக்குள் வைத்து, மேலே பறித்து வைத்திருந்த காட்டுக்கீரையைப் போட்டு முடிந்தாள். பின்னால் சுல்பியே வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரே வரிசையில் கொத்துகிறவர்கள்.

"என்னக்கா, எல்லாரும் கெளம்பியாச்சு, நீ இன்னும் தரையை மோந்துக்கிட்டு இருக்க? மேஸ்திரி தனிக்கூலி தரேன்னானா?"

"கீரைடி."

"எனக்கும் ரெண்டு பிடி கொடேன். நாலு மாசம், குனிஞ்சா முட்டுது. மூணு போதும்னுதான் இருந்தேன். எம் புருஷன் வெய்செலோட சட்டையைத் துவைச்சாலே எனக்கு மசக்கை வந்துருது."

"நானும்தான் தினம் துவைக்கிறேன். சோப்புதான் கரையுது."

சுல்பியே சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதக்கா."

கொடுக்கவில்லையென்றால் இவளே முடிச்சை அவிழ்ப்பாள். ஹசிபே துணியை அவிழ்க்காமலே பக்கவாட்டில் கையை விட்டு, அகப்பட்டதை இரண்டு பிடி இழுத்துக் கொடுத்தாள். வீட்டில் மெத்தையைத் தூக்கியபோதுதான் கவனித்தாள். வேரின் தலையில் நாலைந்து இலைக்காம்பு ஒடிந்திருந்தது. வழியில் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் சுல்பியே, கீரை வைத்துச் சுட்ட ரொட்டியை மடியில் பிரித்தாள்.

"உன் கீரை கசக்குதுக்கா. பிள்ளைங்க தொடவே இல்ல, அந்த மனுஷனும் தள்ளிட்டான். நான் ஒருத்திதான் குப்பைத்தொட்டி."

ஹசிபேவின் கையிலிருந்த வெங்காயம் வாய்க்குப் போகாமல் நின்றது. "காட்டுக்கீரைன்னா கசக்கத்தான் செய்யும்," என்றாள்.

ஒரு மணி நேரத்தில் சுல்பியேவின் முகம் அடுப்பு மாதிரிச் சிவந்தது. தண்ணீர், தண்ணீர் என்றாள். குடித்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு இல்லாத நூலைக் காற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிச் சுற்றினாள். கண்ணின் கருமணி விரிந்து வேறு நிறமே இல்லாமல் போயிருந்தது.

"வெயில் தலைக்கு ஏறிருச்சு," என்றான் மேஸ்திரி. "நெழல்ல ஒக்கார வைங்க."

ஜனவரிக் குளிரில் வெயிலாம். ஹசிபேவுக்குத் தெரிந்துவிட்டது, அந்த இலைதான். இன்னும் இரண்டு ராத்திரி பாக்கி என்பதும் தெரியும். தானாகத் தெளிந்துவிடும், கொஞ்சம்தானே தின்றாள் என்று குனிந்து கொத்தினாள். ஒரு வரிசை முழுக்கக் கொத்தினாள். இருபத்திரண்டு மரம்.

வரிசையின் கோடிக்கு வந்து திரும்பியபோது, "அம்மா கூப்பிடுறா," என்று சொல்லிக்கொண்டு சுல்பியே ஓடினாள். ஹசிபே மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். தலைத்துணியின் நுனிதான் கைக்கு அகப்பட்டது. சுல்பியே சிமெண்டு வாய்க்காலுக்குள் வயிறு அடிபட விழுந்தாள்.

டிராக்டர் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டியது துரலி. "என்ன சாப்பிட்டா?" என்று டாக்டர் கேட்டபோது, செய்தி கேட்டு வந்திருந்த வெய்செல் விழித்தான்.

"மனிதவேர் இலை," என்றாள் ஹசிபே. "எங்கிட்டருந்துதான் போச்சு. வேர் எங்க மெத்தைக்கடியில இருக்கு."

துரலி அவளைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார் டாக்டர்.

"அவ சாப்பிடும்போதே."

டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெய்செல் அடிப்பான் என்று ஹசிபே நின்றாள். அவன் அடிக்கவில்லை, தள்ளிப் போய் உட்கார்ந்தான். அவளுக்கு நிற்பதைத் தவிர அங்கே ஒரு வேலையும் இல்லை. அன்று சாயங்காலமே கர்ப்பம் கலைந்தது.

எமெதி வேரை அடுப்பில் போட்டாள். அந்த வாரமே மலைமேல் ஊருக்கு ஆள் அனுப்பினாள்.

மூன்றாம் நாள் சுல்பியேவுக்குத் தெளிந்தது. அன்று மதியத்துக்குப் பிறகு நடந்த எதுவும் அவள் நினைவில் இல்லை. வெய்செல் அவளிடம் பாதிதான் சொல்லியிருந்தான்.

"நீதான் டாக்டர்கிட்ட சொன்னியாம். இல்லன்னா நானும் போயிருப்பேனாம். என் உசுரு உன்னாலதான்கா," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மொதல்லயே..." என்று ஆரம்பித்தாள் ஹசிபே.

"அழாதக்கா. விடு."

ஹசிபே கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, வாக்கியத்தை முடிக்கவும் இல்லை. சுல்பியேவுக்கு அவள் ஒரு பிள்ளை கடன்பட்டிருந்தாள்.